வெளியேற வேண்டியவர் யார்?

குடும்ப வன்முறை குறித்த எந்தச் சட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது தண்டனைப் பிரிவை அல்ல. அடி விழுந்த அன்றிரவு வீட்டை விட்டு யார் வெளியேற வேண்டும் என்று அது சொல்கிறது என்பதையே. நெடுங்காலம் பல நாடுகளில் அதற்கு ஒரே விடைதான் இருந்தது: அவள். காப்பகங்கள் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலை, பிள்ளைகளின் பள்ளி, அக்கம்பக்கத்தாரின் துணை ஆகிய அனைத்தையும் அடிபட்டவள் இழந்து நிற்க, அடித்தவன் அதே வீட்டில் நிம்மதியாக உறங்கினான்.

இதைத் தலைகீழாக்கிய நாடுகளில் ஆஸ்திரியா முக்கியமானது. அங்கே 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஆபத்து இருப்பதாகக் கருதும் காவலர், வீடு யார் பெயரில் இருந்தாலும், வன்முறையாளரை உடனே வெளியேற்றிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பெண்ணின் சம்மதம் தேவையில்லை. அவளுடைய விருப்பத்தைக் கேளாமல் அரசு தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. இருந்தாலும், ‘உன்னால்தான் வெளியே போனேன்’ என்று பின்னர் அவளை மிரட்டும் வாய்ப்பை அது குறைக்கிறது என்பதால், எனக்கு அந்த ஏற்பாடு சரியாகவே படுகிறது. ஆதரவு மையத்துக்குக் காவல்துறையே தகவல் தருவதால், உதவியைத் தேடி அவள் அலைய வேண்டியதும் இல்லை.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதே திசையில் வேறு வழியில் செல்கிறது. வீட்டின் மீது சொத்துரிமை இல்லாவிட்டாலும் அதில் வசிக்கும் உரிமையைப் பிரிவு 17 பெண்ணுக்குத் தருகிறது; ஆணை வெளியேறச் சொல்லும் அதிகாரத்தைப் பிரிவு 19 நீதித்துறை நடுவருக்குத் தருகிறது. கணவனின் பெற்றோருக்குச் சொந்தமான வீடும் இதில் அடங்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2020இல்தான். முதல் விசாரணை பொதுவாக 3 நாட்களுக்குள் நடக்க வேண்டும், மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றெல்லாம் சட்டம் கூறுகிறது. ஆனால் மனுவை நகர்த்த வேண்டிய பாதுகாப்பு அலுவலரின் பணி பல இடங்களில் வேறொரு பதவியின் கூடுதல் பொறுப்பாகவே இருக்கும்போது, அந்தக் கெடு ஏட்டோடு நின்றுவிடுகிறது.

வீடு கிடைத்தாலும் வருமானம் நின்றுவிட்டால் அவள் மீண்டும் அவனையே சார்ந்திருக்க நேரும். பிலிப்பைன்ஸ் 2004இலும் நியூசிலாந்து 2018இலும் பாதிக்கப்பட்டோருக்கு 10 நாள் ஊதிய விடுப்பைச் சட்டமாக்கின. வழக்கறிஞரைப் பார்க்கவும் நீதிமன்றம் செல்லவும் வேலையை இழக்காமல் கிடைக்கும் அந்த 10 நாட்கள், தண்டனையைக் கூட்டும் திருத்தங்கள் பலவற்றைவிட அவளுக்கு உடனடியாகப் பயன்படும் என்றே நினைக்கிறேன்.