வேரா மோல்னாரின் நடுங்கும் சதுரங்கள்

கணிதத்தையும் கணினியையும் கலைக்குள் கொண்டுவந்தவர்களுள் நான் மிகவும் மதிப்பவர், 1924இல் புடாபெஸ்டில் பிறந்து 1947இல் பாரிஸில் குடியேறிய வேரா மோல்னார். கணினி கைக்கு எட்டாத 1959ஆம் ஆண்டிலேயே, தாமே விதிகளை வகுத்துக்கொண்டு, ஓர் உருவத்தின் சாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து பார்க்கும் முறைக்குக் 'கற்பனை இயந்திரம்' என்று அவர் பெயரிட்டார். உண்மையான கணினி 1968இல்தான் கிடைத்தது. தொடக்கத்தில் அதற்குத் திரை இல்லாததால், வரைகருவி தாளில் கோடிழுத்த பிறகே விளைவைக் காண முடிந்தது. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த சதுரங்களின் ஒழுங்கில் சிறிது தற்செயலைக் கலந்து அவர் 1974இல் உருவாக்கிய படங்களில், எந்த அளவு குலைவு போதும் என்பதை அவருடைய கண்ணே தீர்மானித்தது. அந்தத் தீர்ப்பில்தான் கலை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். வெனிஸ் பியென்னாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் 2022இல் அவருடைய படைப்புகள் இடம்பெற்றபோது அவருக்கு வயது 98.