பழ ஈக்கு மணி என்ன? ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3
பழ ஈயின் உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரத்துக்கான பீரியட் மரபணுவில் மூன்று பிறழ்வுகள். 1971-இல் கலிபோர்னியாவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் கோனாப்காவும் பென்சரும் கண்டுபிடித்தவை. ஒன்றின் உடல் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்குச் சுமார் 28, மூன்றாவதற்கு ஓய்வும் நடமாட்டமும் மாறிவரும் தாளமே கிடையாது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பிறழ்வு தாய் வழி வரவேண்டும். பிறழ்வுள்ள ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் சாதாரண ஈக்கள்தான். ஆண்களை மட்டும் எடுக்கிறோம். பெண் ஈ குழாயில் முட்டையிட்டால், புழுக்கள் நெளிந்து கணக்கைக் கெடுக்கும்.

தீனி: 100 மி.லி. தண்ணீர், 5 கிராம் சர்க்கரை, 2 கிராம் அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்). 65 மி.மீ. கண்ணாடிக் குழாயில் ஒன்றரை செ.மீ. உயரம் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உள்சுவரில் நீர் கோர்த்து ஈ ஒட்டிச் சாகும். தீனிப்பக்க முனையை மெழுகில் முக்கி அடைக்க வேண்டும். இல்லையென்றால் நாலாம் நாள் அகர் சுருங்கி நழுவும். மறுமுனைக்குப் பஞ்சு.

ஜூன் 5
கண்காணிப்புப் பெட்டிக்கு 32 குழாய்கள். குழாயின் நடுவே அகச்சிவப்புக் கதிர். ஈ அதைக் கடந்தால் ஒரு எண்ணிக்கை. ஈக்களை மயக்கித்தான் குழாயில் போடுகிறோம்; மயக்கம் தெளியும்வரை குழாயைப் படுக்கவே வைக்கவும். 25 டிகிரி, 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு.

ஜூன் 8
சாதாரண ஈக்கள் விளக்கு எரிவதற்கு முன்பே பரபரக்கின்றன, அணைவதற்கு முன்பும் அப்படியே. பார்க்க வேண்டியது இந்த முன்கூட்டிய பரபரப்பைத்தான். கடிகாரம் இல்லாத ஈ, விளக்கு மாறிய பிறகுதான் துள்ளும். ஈயின் சொந்தக் கடிகாரம் மட்டும் தெரியவேண்டும், அதனால் இன்றிரவுக்குப் பிறகு விளக்கு எரியாது.

ஜூன் 9
இருட்டு என்பது சும்மா கிடைப்பதில்லை. கருவியிலேயே மின்னும் பச்சைப் பொட்டு விளக்கு ஒன்று. கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. ஈயின் கிரிப்டோகுரோம் என்ற ஒளி உணரும் புரதம் நீல ஒளியை வாங்கினால், கடிகாரத்தின் இன்னொரு புரதமான டைம்லெஸ் சிதையும், கடிகாரம் நகர்ந்துவிடும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் மங்கிய சிவப்பு விளக்கு மட்டும்.

வெப்பமும் மணி சொல்லும். தினமும் இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கினாலே ஈக்கள் அதற்கு இசைந்துவிடும். அதனால் குழாய்கள் இருக்கும் இன்குபேட்டருக்குள் (வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் பெட்டி) வெப்பப் பதிவான் கட்டாயம். ஒரு குறுக்குவழியும் உண்டு: 19 மணி ஈ இருட்டில் அச்சாக 24 மணி காட்டினால், எங்கோ கசிவு இருக்கிறது.

ஜூன் 15
கசிவு இல்லை. நாளுக்கு ஒரு வரியாகப் போட்ட நடமாட்ட வரைபடத்தில், 19 மணி ஈயின் பரபரப்பு தினமும் ஐந்து மணி நேரம் இடப்பக்கம் சரிகிறது. கணக்கிடுமுன் செத்த ஈக்களைக் களையவும், அதாவது கடைசி 24 மணி நேரமும் பூஜ்யமாக நிற்பவற்றை. விட்டுவைத்தால் 'தாளமற்றவை' பட்டியல் பொய்யாக நீளும். இருட்டில் ஆறேழு நாள் பதிவு இல்லாமல் நாளின் நீளத்தை நம்ப முடியாது.

ஜூன் 18
பீரியட் மரபணு உண்டாக்கும் புரதத்தை அளக்க வேறு ஈக்கள், இருட்டின் முதல் நாளில், 4 மணிக்கு ஒருமுறை, ஆறு மாதிரிகள். திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் குலுக்கினால் தலை ஒடிந்து விழும். மேல் சல்லடையில் உடல் தங்கும், கீழ்ச் சல்லடையில் தலை தங்கும், கால்கள் போய்விடும். சல்லடையையும் உலர்பனியில் குளிர்விக்க மறக்கக்கூடாது. மறந்தால் தலைகள் உருகி அப்பிக்கொள்ளும்.

முதல் நாளோடு நிறுத்தக் காரணம் உண்டு. தலைச் சாற்றில் கண்ணின் பங்குதான் அதிகம், அதன் தாளம் இருட்டில் சீக்கிரம் தணியும். நடையை ஓட்டுவதோ மூளையின் சில நரம்பணுக்கள்.

ஜூன் 20
பீரியட் ஆர்.என்.ஏ. (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) முன்னிரவில் உச்சம், புரதம் பின்னிரவில். ஆர்.என்.ஏ. ஏறி இறங்குவதை ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் 1990-இல் காட்டினார்கள். அந்தச் சில மணித் தாமதம்தான் கடிகாரத்தின் உயிர். புரதம் உடனே திரும்பித் தன் மரபணுவை அடக்கினால் அளவு ஒரே மட்டத்தில் நின்றுவிடும். டபுள்டைம் என்ற நொதி பாஸ்பேட் ஏற்றிப் பீரியட் புரதத்தை அழிவுக்குத் தள்ளுகிறது, டைம்லெஸ் ஒட்டிக்கொண்டு காக்கிறது. இந்த இழுபறியில்தான் நேரம் ஓடுகிறது.

புரதங்களைப் பிரித்துப் பார்க்க 6 சதவீத ஜெல், மெதுவாக ஓட்டம். பாஸ்பேட் ஏறிய புரதம் மேலே தங்கும். இரவு முதிர முதிரப் புரதப் பட்டை மேல்நோக்கி நகரும். முதல் ஜெல்லில் ஆறும் ஒரே மட்டத்தில் நின்றன. காரணம், சாற்றுக் கரைசலில் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான் சேர்க்கவில்லை. மிச்சத் தலைகளை வைத்து நாளை மறுபடி.