வீங்கிய கால் வேலை செய்துகொண்டிருந்தது

முழங்காலுக்குக் கீழே கண்ணாடி கிழித்து ஆழமான காயம். தையல் போட்ட மறுநாள் கால் வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் மருத்துவ நூல் எழுதிய ரோமானியர் செல்சஸ் குறித்துவைத்த நான்கு அறிகுறிகளும் ஒன்று விடாமல் இருந்தன. சீழ் பிடித்துவிட்டதோ என்று பயந்து மருத்துவரிடம் ஓடினேன். "சிவப்பு பரவிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி ஏறிக்கிட்டே இருந்தாலோ உடனே வாங்க. இப்போதைக்கு உடம்பு தன் வேலையைப் பார்க்குது" என்றார். சர்க்கரை உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேனா, புகைப்பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அது என்ன வேலை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படுத்தே கிடப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு!

அடிபட்ட இடத்தில் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிந்து கிருமிகளை விழுங்குகின்றன, கொல்கின்றன, சீக்கிரமே தாங்களும் சாகின்றன. சீழில் பெரும்பகுதி இவற்றின் பிணங்கள்தான்.

அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்தான் என்னை அசத்தியது. ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளை அணுவாகத் திரிவது, திசுவுக்குள் நுழைந்ததும் உருமாறுகிறது. இரண்டு மூன்று நாளில் காயத்தில் இதன் கை ஓங்கிவிடும். முதலில் அழற்சியை, அதாவது அந்தச் சிவப்பையும் வீக்கத்தையும், தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கிறது. செத்த நியூட்ரோபில்களை விழுங்க விழுங்க அதன் குணமே மாறி, அழற்சியை அடக்கும் பொருள்களையும், திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வரவழைக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் சுரக்கத் தொடங்குகிறது. சண்டையை மூட்டிவிட்டவனே பஞ்சாயத்தும் பேசி, இடிந்த சுவரையும் கட்டிக்கொடுப்பது மாதிரி. சர்க்கரை நோயாளிகளின் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்க ஒரு முக்கியக் காரணம், மேக்ரோஃபேஜ்கள் இப்படி மாறாமல் சண்டை நிலையிலேயே நின்றுவிடுவதுதான். மருத்துவர் சர்க்கரையைப் பற்றி ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

தையலின் ஒரு முனை பிரிந்துகொண்டது. மறுபடி தைக்கவில்லை, அடியிலிருந்து நிரம்பி வரட்டும் என்று விட்டார்கள். கட்டு மாற்றும்போது செவிலியர், "மணல்மணலா சிவப்புச் சதை தெரியுது பாருங்க, நல்லா ஆறுது" என்றார். பார்க்கச் சகிக்காததுதான், ஆனாலும் ஆசையாகப் பார்த்தேன். புது ரத்தக்குழாய்களும், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நெய்யும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும், நடுவே மேக்ரோஃபேஜ்களும் சேர்ந்த திசு அது.

பிறகு அரிப்பு. அதைப் பொறுத்துக்கொண்டதுதான் பெரும்பாடு.

மேலே தோல் மூடியதும் ஓடக் கிளம்பியவனை மருத்துவர் தடுத்துவிட்டார். மூன்றாவது வாரத்தில் காயத்தின் வலு பழைய தோலில் கால் பங்கு அளவுதானாம். அவசரத்தில் போட்ட மூன்றாம் வகை கொலாஜனை உடம்பு மெல்ல எடுத்துவிட்டு, உறுதியான முதல் வகையை வைக்க ஓராண்டுகூட ஆகலாம். அப்போதும் சுமார் 80 சதவீத வலுவுக்கு மேல் திரும்பாது. இப்போது நடக்க மட்டும் அனுமதி. தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.