கொழகொழப்பும் 91 சதவீதமும்

மஞ்சளாகத் தெரியும் களை இலைகளையெல்லாம் பறித்து வந்தால் ஆய்வகத்தில் காசுதான் கரையும். இரும்புச்சத்து குறைந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். களைகளில் புதிய இனம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று நாங்கள் தேடிய, செடிகளைத் தாக்கும் பெகோமோ வைரஸில் நேர்மாறு; நரம்புகள் மஞ்சள் வலையாகப் பளிச்சிடும். அரிவாள்மனைப் பூண்டில் அந்த வலை தெரிந்ததும், இலையடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டே பறித்தேன். இந்த வைரஸ்களைச் செடிக்குச் செடி கடத்துவது அதுதான்.

டிஎன்ஏ பிரிக்கும்போதுதான் தொல்லை தொடங்கியது. வெண்டைக் குடும்பத்துச் செடியாயிற்றே! அரைத்த இலையை, செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் சிடாப் (CTAB) கரைசலில் சூடாக்கினால், நறுக்கிய வெண்டைக்காய்போல நூல்நூலாக இழுக்கிறது. பிப்பெட் முனைக்குள் ஏறுவேனா என்கிறது. முற்றிய இலையை விட்டுக் கொழுந்தை மட்டும் எடுத்து, உப்பைக் கூட்டி, குளோரோஃபார்மில் மறுபடி கழுவிய பிறகே தெளிந்த கரைசல் கிடைத்தது.

அடுத்த கட்டம் சுலபம். பெகோமோ மரபணுத்தொகுதியின் முக்கியப் பகுதியான டிஎன்ஏ-ஏ, சுமார் 2,700 நியூக்ளியோடைடு கொண்ட ஒற்றையிழை வளையம். ஃபை29 நொதி அதைச் சுற்றிச்சுற்றி நகலெடுக்கும். வைரஸின் வரிசை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகம் தெரியாத வைரஸைப் பிடிக்க இதைவிட வசதி வேறில்லை. வளையத்தை ஓரிடத்தில் மட்டும் வெட்டும் நொதியைச் சேர்த்ததும் ஜெல்லில் 2.7 கிலோபேஸ், அதாவது 2,700 எழுத்து நீளப் பட்டை விழுந்தது. கீழே 1.3 அருகே மெல்லியதாக இன்னொன்று, வைரஸோடு சேர்ந்து வரும் சிறு டிஎன்ஏவான பீட்டாசாட்டிலைட். நோய்க்குறியைக் கடுமையாக்கும் கூட்டாளி அது.

வரிசை வந்ததும், அதைத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் 94 சதவீத ஒற்றுமை. ஆய்வகத்தில் எல்லார் முகமும் தொங்கிவிட்டது. அரிவாள்மனைப் பூண்டு சேர்ந்த சைடா பேரினச் செடிகளில் 'சைடா யெல்லோ வெய்ன் மதுரை வைரஸ்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒன்று உண்டு. இதுவும் அப்படி ஏற்கெனவே அறிந்த ஒன்றுதானோ என்று தோன்றியது. ஆனால் பிளாஸ்ட், பொருந்திய துண்டுக்கு மட்டுமே மதிப்பெண் போடும். பெகோமோ அடங்கிய ஜெமினி வைரஸ் குடும்பத்துக்குப் பொதுவான ஒன்பது எழுத்துத் தொடரில், நகலெடுப்பு தொடங்கும் இடத்தில் வளையத்தைத் திறந்து, முழு நீளத்தையும் ஒப்பிட வேண்டும். 2015இல் வகுத்த விதிப்படி, டிஎன்ஏ-ஏ ஒற்றுமை 91 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தனி இனம். எங்களுக்கு வந்தது 89. வேறொரு வைரஸின் துண்டு நடுவே ஒட்டியிருந்ததே காரணம். இந்தக் குடும்பத்தில் இப்படிக் கலப்பது அன்றாடம்.

வரிசையைப் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் பதிந்து எண் வாங்கியாயிற்று. நோய்க்குக் காரணம் இதுவே என்று சொல்ல அது போதாது. வைரஸ் டிஎன்ஏவின் குளோனை, செடிக்குள் டிஎன்ஏவைக் கடத்தும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றி, நோயில்லாத நாற்றுகளில் செலுத்தியிருக்கிறோம். பீட்டாசாட்டிலைட் சேர்த்து ஒரு தட்டு, சேர்க்காமல் ஒரு தட்டு.