100 முறைக்கு 45 டிகிரி

ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சின்ன ஸ்டெப் நகரும் ஸ்டெப்பர் மோட்டார் அது. லேபிளில் 3 ஆம்பியர், 3.3 வோல்ட் என்று இருந்தது. என் கையில் இருந்ததோ 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. இதைக் கொடுத்தால் மோட்டார் கருகிவிடாதா என்ற பயத்தில் இரண்டு நாள் வயரையே தொடவில்லை.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து ஒரு காயிலை அளந்தேன். 1.1 ஓம். அதை 3ஆல் பெருக்கினால் 3.3! மோட்டார் நிற்கும்போது காயிலில் 3 ஆம்பியர் ஓட எத்தனை வோல்ட் போதும் என்ற கணக்குதான் அது. சப்ளைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் டிரைவ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி கரண்டை அளந்துகொண்டே வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, அதனால் சப்ளை 36 ஆக இருந்தாலும் காயிலுக்கு ஆபத்தில்லை. வோல்ட் கூடுதலாக இருந்தால் காயிலில் கரண்ட் சீக்கிரம் ஏறும், வேகமாகச் சுற்றும்போதும் இழுவை அவ்வளவாகக் குறையாது. என் டிரைவ் 20 முதல் 50 வோல்ட் வரை ஏற்கும். 48 போடலாமே என்று ஆசை வந்தது. ஆனால் வேகம் குறையும் நேரத்தில் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும், சப்ளை வோல்ட் மேலே போகும். 36 போதும் என்று விட்டுவிட்டேன்.

நான்கு வயரில் எது எதற்கு ஜோடி என்று பார்க்க மீட்டர்கூடத் தேவையில்லை. இரண்டு முனைகளை முறுக்கிச் சேர்த்து ஷாஃப்டைக் கையால் திருப்பினேன். ஜோடி சரியாக அமைந்தபோது ஷாஃப்ட் பிடித்துப் பிடித்துத் திரும்பியது. இன்னொன்று: பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. காயிலில் எழும் வோல்டேஜ் டிரைவைக் கொன்றுவிடும்.

டிரைவில் கரண்டைத் தேர்ந்தெடுக்கும் குட்டி ஸ்விட்சுகளில் (டிப் ஸ்விட்ச்) ஒரு தவறு செய்தேன். அட்டவணையில் பீக் (உச்ச அளவு), ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி அளவு) என்று இரண்டு பத்திகள். 3க்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும் என்று பீக் பத்தியில் 2.84ஐப் பிடித்தேன். அதன் ஆர்எம்எஸ் வெறும் 2.03. சுமை ஏற்றியதும் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பீக் 3.76, அதாவது ஆர்எம்எஸ் 2.69க்கு மாற்றியதும் சரியானது. நிற்கும்போது பாதிக் கரண்ட் என்ற ஸ்விட்சையும் போட்டுவிட்டேன், சூடு குறையும்.

ஒரு முழு ஸ்டெப்பைத் துண்டு துண்டாக நகர்த்தும் மைக்ரோஸ்டெப்பை ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் என்று வைத்து, ஷாஃப்டில் டேப்பை ஒரு கொடி மாதிரி ஒட்டி, பின்னால் பேனாவால் ஒரு கோடு போட்டேன். ஒரு சுற்று முன்னால், ஒரு சுற்று பின்னால், இப்படி 100 முறை. முடிந்தபோது கொடி கோட்டில் இல்லை, 45 டிகிரி தள்ளி நின்றது.

பவர்தான் பற்றவில்லை என்று முடிவுகட்டினேன். கரண்டை பீக் 4.20க்கு ஏற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், சப்ளை வயரைத் தடிமனாக்கினேன். மறுபடியும் 45. கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பவரையே நோண்டிக்கொண்டிருப்பேன். அச்சடித்த மாதிரி அதே 45 என்பதுதான் உறுத்தியது.

10 முறை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். 4.5 டிகிரி. இழுக்க முடியாமல் மோட்டார் ஸ்டெப்பை விட்டால் நான்கு முழு ஸ்டெப்பாக (ஒன்று 1.8 டிகிரி), அதாவது 7.2 டிகிரியாகத்தான் வழுக்கும். இங்கே அப்படி நடக்கவில்லை. ஒரு மைக்ரோஸ்டெப் 360ஐ 1600ஆல் வகுத்தால் 0.225 டிகிரி, ஒரு முறைக்கு 0.45 டிகிரி என்றால் இரண்டு மைக்ரோஸ்டெப். ஒரே ஒரு பல்ஸ் எதிர்த்திசையில் போனால் போதும்: போக வேண்டிய இடத்தில் ஒன்று குறையும், போகக் கூடாத பக்கம் ஒன்று கூடும்.

புரோகிராமைத் திறந்தேன். திசையை மாற்றும் வரி, அதற்கு அடுத்த வரியிலேயே பல்ஸ். திசை சிக்னல் பல்ஸுக்குக் குறைந்தது 5 மைக்ரோ செகண்ட் முன்னால் வந்துவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு திசையிலும் இப்படித் தவறியிருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, கொடி கோட்டிலேயே நின்றிருக்கும், நானும் கவனித்திருக்க மாட்டேன். டிரைவின் உள்ளே சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் சட்டென்று ஆன் ஆகும், ஆஃப் ஆகத்தான் நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கம் மாறும்போது மட்டும் முதல் பல்ஸ் பழைய திசையிலேயே போயிருக்கிறது.

இடையில் 20 மைக்ரோ செகண்ட் காத்திருக்கச் சொன்னேன். 100 முறை ஓடி, கொடி கோட்டின் மேல் வந்து நின்றது. நம்பிக்கை இல்லாமல் 1000 முறையும் ஓட்டினேன், அசையவில்லை. டேப்பைப் பிரிக்க மோட்டாரில் கை வைத்து, சுரீர் என்று சுட்ட பிறகுதான் கரண்ட் இன்னும் 4.20லேயே இருப்பது ஞாபகம் வந்தது.