திரும்பிப் போகும் வண்டி

நாகர்கோவிலில் லாரி புக்கிங் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கோட்டாறு சந்தையில் ஒரு ஆந்திரா வண்டி அரிசி இறக்கிக்கொண்டிருந்தது. முதலாளி அண்ணாச்சி அதைக் காட்டி, "மக்கா, இந்த வண்டி இனி எங்க போவும்?" என்று கேட்டார். ஆந்திராவுக்கு என்றேன். "எதை ஏத்திட்டு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குமரி மாவட்டத்துக்குள் வருகிற சரக்கு ஏராளம். அரிசி, சிமென்ட், கம்பி, நாசிக் வெங்காயம், நாமக்கல் முட்டை எல்லாம் வரும். வெளியே போவது குறைவு. ஸ்ரீநகரில் புறப்படும் 44ஆம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் வந்து கடலைப் பார்த்து நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அடுத்த ஊரில் லோடு பிடிக்கலாம் என்றால் அடுத்த ஊர் இல்லை. மேற்கே கேரளம் இருக்கிறது, ஆனால் அதுவும் நம்மைப்போல வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற நாடு. அங்கே இறக்கிய வண்டிகளும் காலியாக இந்தப் பக்கம் வந்து லோடு கேட்கும்.

அதனால் இங்கே வருகிற டிரைவர் வாடகை பேசும்போதே, வெறும் வண்டியாகத் திரும்பினால் எரியும் டீசலையும் சேர்த்துத்தான் கேட்பார். ரிட்டன் லோடு உறுதி என்றால் தொகை இறங்கும். கடையில் அரிசி வாங்குகிற அம்மாவுக்குக் குலசேகரத்தில் காய்கிற ரப்பர் ஷீட்டைப் பற்றிக் கவலை இருக்காது. ஆனால் அந்த ஷீட் நேரத்துக்குக் காய்ந்து கட்டாகி வந்தால் அவருடைய அரிசிக்கு வாடகை குறைவு. நான் பார்க்கிற வேலையின் சாரம் இவ்வளவுதான்.

வெளியே போகிற சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. மாசி, பங்குனியில் ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும்போது பால் வெட்ட மாட்டார்கள். மழை பிடித்தால், மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் வெட்டு நின்றுபோகும். ஓணத்துக்கு முன்னால் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலையும் தோவாளைப் பூவும் கேரளத்துக்குப் பறக்கும், அந்தப் பத்து நாளும் சின்ன வண்டிக்குக் கிராக்கி. தேங்காய்த் தும்பும் கயிறும் நடுவில் கை கொடுக்கும். எந்த மாதம் எந்தப் பக்கம் என்ன கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த நோட்டை விடவில்லை. வானிலையைப் பார்த்து, நாலு தோட்டக்காரர்களுக்குப் போன் போட்டு, இரண்டு நாள் கழித்து எத்தனை டன் தேறும் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். "இருங்க, பார்க்கலாம்" என்று சொல்லி ஒருவரை மூன்று நாள் ரோட்டோரத்தில் படுக்க வைப்பதைப்போல ஒரு பாவம் இந்தத் தொழிலில் இல்லை.

அப்புறம் அண்டிப்பருப்பு. அண்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்லும் முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக்கொட்டை தூத்துக்குடி துறைமுகம் வழியாகச் சாக்கில் வருகிறது. உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்த பருப்பு அதே துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. கொட்டை வந்த கண்டெய்னரிலேயே பருப்பை ஏற்றி அனுப்பலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். முடியாது. கொட்டையின் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற பெட்டியில் பருப்பை வைக்கக் கூடாது. வாசனை எதுவானாலும் பருப்பு இழுத்துக்கொள்ளும். ஆகவே, சுத்தமான காலிப் பெட்டி தூத்துக்குடியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வந்து, நிரம்பித் திரும்பிப் போகும்.

ஒருமுறை மாலை நாலு மணிக்கு ஒரு பெட்டி வந்தது. ஆலையில் எல்லாம் தயார். இருபதடிப் பெட்டிக்கு 700 அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் 11.34 கிலோ டின் இரண்டு, மொத்தம் கிட்டத்தட்ட 16 டன். கதவைத் திறந்ததும் ஏதோ மருந்து வாடை. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். இருட்டில் மேலே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை. ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போயிருக்க வேண்டும். கப்பல் போய்விட்டது. பெட்டி கொடுத்த நிறுவனம் வருந்துகிறோம் என்று ஒரு மெயில் அனுப்பியது.

எனக்கு அந்த மெயில் பெரிதாகப் படவில்லை. வாசலில் நின்றிருந்த பெண்கள்தான் மனதில் நின்றார்கள். தோல் உரிப்பதில் பருப்பு இரண்டாகப் பிளந்தால் விலை இறங்கிவிடும் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வேலை செய்தவர்கள். "சார், சரக்குல எதாவது குறையா?" என்று ஒரு அக்கா கேட்டார். சரக்கில் ஒரு குறையும் இல்லை, காலிப் பெட்டிகளை வைத்திருக்கும் யார்டிலேயே ஆள் வைத்துப் பார்க்காதது என் தப்பு என்று சொன்னேன். அன்றிலிருந்து தூத்துக்குடி யார்டில் எங்கள் ஆள் உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, வெளிச்சம் பார்த்து, மோந்து பார்த்த பிறகே பெட்டி கிளம்புகிறது.

காலிப் பெட்டிக்கு இன்னொரு ஆபத்து, ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற அந்தக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. நிறைந்த வண்டி அசையாது. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள வெறும் பெட்டி, பாய்மரம்போல் காற்றை வாங்கும். நாலு மூலையிலும் பூட்டு விழுந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்காமல் கணவாய்க்குள் நுழையக் கூடாது என்று ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வேன். தெரிந்தவர்களிடமும் சொல்வேன்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன், எல்லையிலும் அதைத் தாண்டி அமரவிளையிலும் காகிதம் காட்ட லாரிகள் வரிசையில் கிடக்கும். மீன் வண்டிக்காரர்கள் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில். 2021 தொடக்கத்திலிருந்து அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. நல்ல மாற்றம்தான்.

அதே 2021இல் காலிப் பெட்டியே கிடைக்காமல் போனது. கொரோனாவில் பெட்டிகள் எங்கெங்கோ துறைமுகங்களில் தேங்கிக்கிடந்தன. மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் ஆறு நாள் குறுக்கே நின்றது. பெட்டி ஒன்று வருகிறது என்று செய்தி வந்தால் மூன்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். யாருக்குக் கப்பல் முதலில் என்று மூன்று பேரையும் ஒன்றாகப் போனில் வைத்துப் பேசித் தீர்த்தோம். போட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் முறை விட்டுக்கொடுத்ததை நான் நேரில் கண்டேன்.

எந்த வண்டியும் வெறுமையாகத் திரும்பாத காலம் ஒன்றும் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். விடிந்து பார்த்தால் வாழைத்தோட்டங்கள் தரையோடு கிடந்தன, ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரையில் ஊர் ஊராக ஆட்கள் நின்றார்கள். கரண்ட் வந்த பிறகு ஆபீஸ் போன் நிற்கவில்லை. எல்லாம் தடி லோடு. விழுந்த ரப்பர் மரம் பிளைவுட் ஆலைகளுக்காகப் பெரும்பாவூர்ப் பக்கம் போனது. மாதக்கணக்கில் லாரி போதவில்லை, நான் அதுவரை எழுதியிராத அளவுக்கு புக்கிங். அண்ணாச்சி ஒருநாள் கணக்கை மூடி வைத்துவிட்டு, "இது வேண்டாம் மக்கா, இப்படி ஒரு லோடு இனி வேண்டாம்" என்றார். ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். அதுவரை அந்தத் தோட்டங்களிலிருந்து ஒரு ஷீட்டும் வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நோட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே கோடு போட்டு வைத்தேன்.

போன வருடம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு போன். கோடு போட்ட பெயர்களில் ஒருவர். மறுபடி வைத்த மரத்தில் வெட்டு தொடங்கிவிட்டது, ஆறு கட்டு ஷீட் இருக்கிறது, அதற்கெல்லாம் வண்டி வருமா என்று தயங்கிக் கேட்டார். ஆறு கட்டு என்றால் முந்நூறு கிலோ. வரும் என்றேன். கோட்டாறில் அரிசி இறக்கிவிட்டு வடக்கே போக ஒரு டிரைவர் காத்திருந்தார். போகிற வழியில் இல்லைதான், ஆனாலும் குலசேகரம் லோடோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். சரி சார் என்று வண்டியை எடுத்தார்.