அம்மாவின் அலாரம்

ஜூலை 3
ஸ்கேன் வந்துவிட்டது. கட்டி 2.6 சென்டிமீட்டர், கர்ப்பப்பை வாயோடு நிற்கிறது. புற்றுநோய்தான். ஸ்டேஜ் 1பி2, ஆரம்ப நிலை. அம்மாவுக்கு 47 வயது. ஒரு வருஷமாக நடுநடுவே ரத்தம் பட்டிருக்கிறது. ‘நிக்கிற வயசுதானே’ என்று கடலில் பாசி எடுக்கப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். உப்புத் தண்ணியிலேயே கிடந்ததால்தான் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. டாக்டரிடம் கேட்டேன். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எச்பிவி வைரஸ் பல வருஷம் உள்ளே தங்கிச் செய்கிற வேலை என்றார். அத்தையிடம் சொன்னேன், நம்பவில்லை.

ஜூலை 9
மதுரை. ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. சித்திக்குப் பித்தப்பையைத் துளை போட்டு எடுத்தார்களே, அப்படிச் செய்யலாமே என்று கேட்டேன். முன்பு செய்தோம், 2018-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு இதற்கு வயிற்றைத் திறந்துதான் என்றார் டாக்டர். 600 பேருக்கு மேல் இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், துளை வழியில் 86. தழும்பைப் பற்றி அம்மாவுக்குக் கவலையே இல்லை. “பாறை கீறாத இடம் உடம்புல எங்க இருக்கு?”

கர்ப்பப்பையோடு முடியாதாம். அதைப் பிடித்திருக்கும் பக்கத்துத் திசு, யோனியின் மேல்பகுதி கொஞ்சம், இடுப்பில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் எல்லாம் போகும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் அந்தத் திசுவுக்குள்ளேதான் ஓடுகிறது, ரத்தக்குழாய்க்கு அடியில். எந்த ஊர் என்று கேட்டார். பாம்பன் என்றதும் பேனாவை எடுத்தார். “ரத்தக்குழாய்தான் உங்க பாலம். அடியில போற போட்டு இந்தக் குழாய். பாலத்தை எடுக்கணும், போட்டுல கீறல் விழக்கூடாது.”

“போட்டு ஓட்டையானா?”

“மூத்திரம் ஒழுகும்மா. மறுபடி தைக்கணும். அபூர்வம்தான், ஆனா சொல்லாம விட மாட்டேன்.”

அம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 14
நாலரை மணி நேரம். ஒரு யூனிட் ரத்தம். எழுதத் தெம்பில்லை.

ஜூலை 23
எடுத்த 21 கணுக்கள், எதிலும் புற்று இல்லை. வெட்டிய ஓரங்கள் சுத்தம், ஆழமாகவும் இறங்கவில்லை. ரேடியேஷன் வேண்டாம். காப்பீட்டு அட்டையில் செலவு நின்றது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் எங்கள் காசு.

ஜூலை 26
மூத்திர டியூபை எடுத்தார்கள். மத்தியானத்திலிருந்து சேலை நனைந்துகொண்டே இருந்தது. போட்டு ஓட்டை என்று நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம், வாயைத் திறக்கவில்லை.

மூத்திரப் பையில் நீலத் தண்ணீர் ஏற்றி, யோனியில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது, நனையவும் இல்லை. ஸ்கேனில் சிறுநீரகமும் சரியாக இருந்தது. அப்புறம்தான் நர்ஸ் அக்கா கண்டுபிடித்தார்: அம்மா போய்விட்டு வந்த பிறகும் பையில் 340 மில்லி நிற்கிறது. பை நிறைந்ததே அவளுக்குத் தெரியவில்லை. வழிந்ததுதான் சேலையில் பட்டிருக்கிறது. திசுவோடு பைக்குப் போகும் நரம்புகள் கொஞ்சம் போய்விடுமாம், பலருக்கு மெல்லத் திரும்புமாம். மறுபடி டியூப்.

ஆபரேஷன் எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மா மூத்திரம் போனாளா என்று நர்ஸ் அக்காவைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5
வீடு. கச்சான் காற்று கூரையைப் பிடித்து ஆட்டுகிறது. டியூப் போய்விட்டது. இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என் போனில் அலாரம். வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும், பிறகு சின்ன டியூபை அவளே உள்ளே விட்டு மீதியை அளக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சுப்பிடித்துக் கடலடியில் பாசி எது, கல் எது என்று பார்த்தவள், அதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.

வள்ளத்தில் ஆம்பளைகளும் இருப்பார்கள் என்று முப்பது வருஷம் அடக்கி அடக்கியே பழகியவள். இப்போது அலாரம் அடித்தால் வெட்கப்படாமல் எழுந்து போகிறாள்.

நோட்டில் மீதி: 180, 190, 150 மில்லி.

ஆகஸ்ட் 18
இடது கால் வீக்கம். ரத்தக்கட்டி இருக்குமோ என்று முதலில் ஸ்கேன், இல்லை. கணுக்களை எடுத்ததால் நிணநீர் தேங்குகிறது. இறுக்கமான காலுறை போடணும், காலில் காயமே படக்கூடாது, பட்டால் கிருமி ஏறிவிடும். பாறைமேல் நடந்து பிழைப்பவளிடம் சொல்கிறார்கள். அம்மா பதில் பேசவில்லை. வரும் வழியில் மண்டபம் ஊரில் பஸ் நின்றபோது, ரப்பர் செருப்பு என்ன விலை என்று கேட்டு வரச் சொன்னாள்.

ஆகஸ்ட் 29
மீதி 80 மில்லி. நேற்று 90. இரண்டு முறையும் 100-க்குக் கீழே. போன் போட்டுச் சொன்னேன், டியூபை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அலாரம் மட்டும் இருக்கட்டுமாம்.

செப்டம்பர் 2
காலை ஆறு மணி அலாரம் அடித்தது. பாயில் அம்மாவைக் காணோம். கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது: “அத நிப்பாட்டு புள்ள. அதுக்கு முன்னாடியே வந்துருச்சு.”